வலப்பக்கத்து ஏர்த்

றிவேர்ஸ் கியர் போட்டால் பின்பக்க வெள்ளை விளக்கு பளிச்சென்று எரியவேண்டும். இந்த ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்றில் அது செத்த மஞ்சளாக மினுங்குகிறது. அதோடு நில்லாமல், யாரும் கேளாமலே பின்பக்கச் சிவப்பு விளக்குகளும் சேர்ந்து மினுங்குகின்றன. காரின் சொந்தக்காரர் இதற்காக ஏற்கெனவே பல்ப் மாற்றிவிட்டார். வேறொரு கராச்சில் வயரும் மாற்றிவிட்டார். அடுத்து என்ன மாற்றுவது என்று தெரியாமல்தான் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

‘இங்கே’ என்பது சுன்னாகத்துக்குக் கிட்ட, தோட்டக் காணிகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கராச். பழைய வண்டிகளின் வயரிங்கை நம்பிக் கொடுக்கக்கூடிய கைகள் யாழ்ப்பாணத்தில் குறைந்துகொண்டு வருகின்றன, அதில் ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்றுதான் போயிருந்தேன். பெயர் போடவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “பெயரைப் போட்டியள் எண்டா குடாநாட்டிலை உள்ள மைனர் கார் எல்லாம் இஞ்சை வந்து நிக்கும், தம்பி.” ஆகவே அவரை அண்ணை என்றே எழுதுகிறேன். காரின் சொந்தக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

சொமர்செற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கார். கப்பலேறி இலங்கைக்கு வந்தவற்றில் கணிசமானவை யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டன. தங்கியதற்கு அன்பு மட்டும் காரணமில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் வராது. புதுக் கார் வரவே வராது. இந்த எஞ்சினோ, கொஞ்சம் பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டால் அதன்பிறகு மண்ணெண்ணெயிலும் ஓடும். புகை கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஓடிய கார்கள் இவை. இன்று அதே கார்கள் மெழுகு பூசிப் பளபளக்க, பூமாலை போட்டு மாப்பிள்ளை அழைக்கப் போகின்றன. இந்தக் காருக்கும் அடுத்த கிழமை கலியாண ஓட்டம் இருக்கிறது. அதுதான் அவசரம்.

றிவேர்ஸ் விளக்கு இந்தக் காரோடு பிறந்ததல்ல. யாரோ ஒருவர் பிற்காலத்தில் பொருத்தியிருக்கிறார். அதை அண்ணை பொனற்றைத் திறந்ததுமே காட்டினார். சொமர்செற்றின் கியர் கம்பு ஸ்டியரிங் தண்டோடு இருக்கும். அந்தத் தண்டின் அடிப்பக்கம், றிவேர்ஸ் போடும்போது அசைகிற கைக்கு எதிரே, ஒரு சின்னத் தகட்டை வளைத்து அமுக்குச் சுவிச் ஒன்றை இருத்தியிருந்தார்கள். கை வந்து முட்டினால் சுவிச் மூடும். பியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து பச்சை வயர் அங்கே போகிறது. அங்கிருந்து பச்சையில் மண்ணிறக் கோடு போட்ட வயர் பின்னுக்குப் போகிறது. மின்பாகங்கள் செய்த லூக்காஸ் கம்பனி வகுத்த நிற ஒழுங்கு அதுதான்: மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது, பச்சை அதே வெள்ளை பியூஸைக் கடந்தபின் வருவது, கறுப்பு ஏர்த், அதாவது கார் உடம்போடு சேர்வது.

“இதைச் செய்தவன் வேலை தெரிஞ்சவன்” என்றார் அண்ணை. மூட்டு ஒன்றை நகத்தால் தட்டிக் காட்டினார். ஈயம் பற்றவைத்து, நூல் சுற்றி, அதற்கு மேலே சைக்கிள் ரியூப்பை மெல்லிய நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. தடைக் காலத்து வேலையாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கணிப்பு. அப்போது மின்சாரமும் இல்லை. ஈயக்கோலைச் சிரட்டைக் கரியில் சுடவைத்து, சூடு ஆறுமுன் ஒட்டவேண்டும். அவரும் அப்படித்தான் தொழில் பழகியவர்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு புதுச் சிவப்பு வயர் பற்றரியிலிருந்து நேரே கிளம்பி, டாஷ்போட்டில் துளை போட்டுப் பூட்டிய ஒரு சுவிச்சுக்குள் புகுந்து, பின்பக்கம் போய்ப் பழைய வயரோடு முறுக்கப்பட்டிருந்தது. பியூஸ் கிடையாது. அண்ணை அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “சாவியை எடுத்தாப்பிறகும் பெற்றோல் முள்ளு எழும்பி நிக்கிறதோ?”

சொந்தக்காரர் திகைத்துப்போனார். சிலவேளை நிற்கிறதாம். முள்ளுத்தான் பழுது என்று நினைத்திருந்தாராம்.

நின்றதற்குக் காரணம் எளிது. காரை றிவேர்ஸ் கியரிலேயே நிறுத்தி, டாஷ்போட் சுவிச்சையும் மறந்து போட்டுவிட்டால், பற்றரியின் மின்சாரம் புதுச் சிவப்பு வயரால் பின்னுக்குப் போய், பழைய வயரால் திரும்பி முன்னுக்கு வந்து, அமுக்குச் சுவிச்சைக் கடந்து பச்சை வயருக்குள் ஏறிவிடும். சாவிக்கு அங்கே அதிகாரம் இல்லை. முள்ளு எழும்பும், இக்னிஷன் கொயிலும் உயிர் பெறும். விளக்குக்குச் செய்த வைத்தியம் சாவியையே செல்லாக்காசாக்கிவிட்டது. அண்ணை முதல் வேலையாக அந்தச் சிவப்பு வயரை இரண்டு முனையிலும் கழற்றினார்.

பிறகு அவர் காரின் பின்பக்கம் போய்க் குந்தினார். முன்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. “சாவியைத் திருப்பி றிவேர்ஸைப் போடுங்கோ. எஞ்சினை எடுக்காதேங்கோ.” வெள்ளை விளக்கு மஞ்சளாக மினுங்கியது, சிவப்பு இரண்டும் கூடவே. “இப்ப பிரேக்கை மிதியுங்கோ.” இடப்பக்கச் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. வெள்ளை விளக்கு அணைந்தே போனது.

அண்ணை சிரித்தார். “முடிஞ்சுது” என்றார்.

எனக்கு எதுவுமே தொடங்கியதாகக்கூடத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தால் றிவேர்ஸ் விளக்கு ஏன் அணையவேண்டும்? அவர் தரையில் கீறிக் காட்டினார். வெள்ளை விளக்கும் வலப்பக்கச் சிவப்பு விளக்கும் ஒரே ஏர்த் வயரில் கட்டப்பட்டவை. அந்த வயர் கார் உடம்பைத் தொடவில்லை. ஆகவே வெள்ளை விளக்குக்குள் வந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல், சிவப்பு பல்ப்பின் இழைகளுக்குள் பின்பக்கமாக நுழைந்து, அந்த வயர்களால் இடப்பக்கம் போய், அங்கே ஏர்த்தைத் தேடிப் பிடிக்கிறது. ஒரு விளக்குக்குரிய பன்னிரண்டு வோல்ற்றை மூன்று விளக்குகள் பங்கு போட்டால் எல்லாம் மங்கத்தானே செய்யும்? பிரேக்கை மிதித்தாலோ அந்தத் திருட்டு வழியிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் வந்து அடைத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஓட்டமில்லை. வெள்ளை அணைகிறது.

இதை உறுதிப்படுத்த அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு முனையிலும் கிளிப் போட்ட ஒரு முழ வயர். ஒரு முனையை விளக்கின் உலோகக் கூட்டில் கடிக்க வைத்தார். மறுமுனையைச் சேசிஸில் சுரண்டித் துலக்கிய ஒரு போல்ற்றில். வெள்ளை விளக்கு கண் கூசும்படி எரிந்தது.

கிளிப்பைக் கழற்றிவிட்டு எனக்காக மீற்றரையும் வைத்துக் காட்டினார். ஒரு முனை விளக்கின் கூட்டில், மற்றது பற்றரியின் பொசிற்றிவ் முனையில். ஏர்த் சரியாக இருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றும் இருக்கக்கூடாது. ஏழு வோல்ற் காட்டியது. விளக்கு எரியவேண்டிய நேரத்தில் அளந்தால்தான் இது தெரியும் என்றார். சுவிச்சை நிறுத்திவிட்டு அளந்தால் எல்லாம் நல்லபிள்ளையாகவே இருக்கும். மீற்றரைவிட அவர் நம்புவது பழைய பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்த சோதனை விளக்கைத்தான். ஒற்றை இழையில் தொங்குகிற வயரும் மீற்றருக்குப் பன்னிரண்டு வோல்ற் காட்டும். ஒரு 21 வாற் பல்ப்பைக் கொளுவினால் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பற்றரியின் பொசிற்றிவ் முனை என்று எழுதியது பிழையல்ல. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் உடம்போடு சேர்ந்திருப்பது பொசிற்றிவ்தான்; இன்றைய கார்களுக்கு நேர் எதிர். சொந்தக்காரர் முதலில் கடையில் வாங்கிப் போட்ட எல்.ஈ.டி. பல்ப் எரியாததற்கும் இது ஒன்றே போதும். அந்தப் பல்ப்புகளில் பெரும்பாலானவை தங்கள் உலோகக் கூடு நெகற்றிவ் என்று நம்பிச் செய்யப்பட்டவை. மாறிக் கொடுத்தால் வாய் திறக்கா. பல்ப் எரியவில்லை, ஆகவே வயரில் மின்சாரம் வரவில்லை, ஆகவே புது வயர் இழு: ஒரு பிழை முடிவு அடுத்த பிழை முடிவைப் பெற்றுப் போட்டிருக்கிறது.

பின்விளக்கைக் கழற்றியபோது கதை முழுவதும் அங்கே இருந்தது. காருக்கு அண்மையில் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். நல்ல வேலை, கறுப்பில் முகம் தெரிகிறது. ஆனால் விளக்குப் பூட்டுகிற இடத்தில் புட்டியும் பிறைமரும் பெயின்றும் தடிப்பாக ஏறி, அதற்கு மேலேயே ஏர்த் வயரின் வளையத்தை வைத்து முறுக்கியிருந்தது. திருகாணி பிடித்திருந்த சொற்ப உலோகத்தையும் துரு தின்றுவிட்டது. கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில் துருவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் லூக்காஸைக் கேலியாக ‘இருளின் இளவரசன்’ என்பார்கள். எனக்கு அந்தக் கேலியில் இப்போது உடன்பாடில்லை. துணி பின்னிய பழைய வயரின் ஒரு துண்டு டிக்கிக்குள் இன்னும் கிடந்தது. வெளியே நிறம் வெளிறிச் சாம்பலாகியிருந்தாலும், பிடிக்கிளிப்பை நெம்பிப் பார்த்தால் அதன் அடியில் பச்சை பச்சையாகவே இருந்தது. அதற்குள் மின்சாரமும் ஒழுங்காகவே போனது. கெடுத்தது அதன் மேலே வந்துபோன கைகள்.

அண்ணை பெயின்றை ஒரு சல்லிக்காசு அகலத்துக்குச் சுரண்டி, எமறித்தாளால் உலோகம் வெளிக்கும்வரை தேய்த்தார். புதிய வளையத்தை ஈயம் பற்றி இருத்தி, வாசிலின் தடவி இறுக்கினார். வெள்ளை விளக்குக்குத் தனியாக ஒரு கறுப்பு வயரைச் சேசிஸுக்கே இழுத்தார். கழற்றி வைத்த சாதாரண பல்ப்பையே திரும்பப் போட்டார். மீற்றரில் இப்போது புள்ளி ஒன்று.

சொந்தக்காரர் காசை எடுக்கக் கைவைத்தார். அண்ணை தடுத்தார். தான் புதிதாகப் போட்ட இரண்டு ஏர்த் வயரையும் கொஞ்ச நேரத்துக்குக் கழற்றி, பழையபடி விட்டுக் காட்டினார். பார்க்லைற்றைப் போடச் சொன்னார். இரண்டு சிவப்பும் எரிந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. “இப்ப பிரேக்.” இடப்பக்கம் பிரகாசமானது. வலப்பக்கம் முற்றாக இருண்டது.

“இரவிலை நீங்கள் பிரேக் பிடிக்கிற நேரம் பாத்து இந்தப் பக்கம் இல்லாமல் போயிருக்கு. றிவேர்ஸ் லைற் இல்லாட்டி மதில்லை முட்டும். இது இல்லாட்டிப் பின்னாலை வாற பஸ் வந்து முட்டும்.”

“நான் இரவிலை சுத்திப் பாக்கிறனான் அண்ணை, சிவப்பு எரியும்…”

“எரியும். நிக்கேக்கை எரியும்.”

ஏர்த்துகளைத் திரும்பப் பூட்டி இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிரகாசித்தன. சொந்தக்காரர் இறங்கிவந்து தானே ஒருமுறை பார்த்துவிட்டு, பொசிற்றிவ் ஏர்த்தையே மாற்றிவிட்டால் எல்.ஈ.டி. போடலாமே என்று கேட்டார். போடலாம், டைனமோவின் துருவத்தை மாற்றவேண்டும், கொயிலின் வயர்களை மாற்றவேண்டும், அம்மீற்றரைத் திருப்பவேண்டும், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று விரலை மடக்கினார் அண்ணை. கலியாணம் முடியட்டும் என்றார் சொந்தக்காரர்.

அண்ணை எழும்பவில்லை. குந்தியபடியே இடப்பக்கம் நகர்ந்து, அந்த விளக்கின் திருகாணியில் ஸ்குறூட்ரைவரை வைத்தார்.

“இது எரியுதுதானே, அண்ணை?”

“எரியுது. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே பெயின்ரர்தானே?”