செஞ்சிக்கு எந்த அடுப்பு?

விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கி, மேற்கே சுமார் 28 கிலோமீட்டரிலுள்ள செஞ்சிக்குப் பஸ்ஸில் சென்று, கோட்டைக்கு வெளியே சிநேகிதர் ஒருவரின் தோப்பில் இரண்டு நாள் கூடாரமடிப்பதென்று தீர்மானித்தோம். கூடாரத்தைப் பற்றிச் சச்சரவில்லை. அடுப்பைப் பற்றித்தான் வீட்டில் ஒரு மகாநாடே கூடிற்று.

பரணிலிருந்த பித்தளைப் பம்பு ஸ்டவ், 1892-ல் ஸ்வீடனில் பிறந்த பிரைமஸின் வம்சம். காற்றுக்கு அஞ்சாது. ஆனால் முந்திய யாத்திரையில், பர்னர் சரியாகச் சூடேறுமுன் நாம் பம்பு அடித்ததில், மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பீறிட்டு, ஜ்வாலை மனைவியின் புடவைத் தலைப்பைப் பற்றிவிட்டது. அருகில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது, பிழைத்தோம்.

"காஸ் டப்பா அடுப்பு வாங்கலாமே, அப்பா!" என்றான் புதல்வன். சௌகரியந்தான். ஆனால் காற்றைத் தடுக்க அதைச் சுற்றித் தகரம் வைத்து அடைத்தால், டப்பாவே சூடேறி வெடிக்கக்கூடும். மேலும், காஸும் மண்ணெண்ணெயும் ரயிலில் கொண்டுபோவது ரயில்வேச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி குற்றம். ஒளித்துக்கொண்டு போகலாமென்றார் அண்டை வீட்டுக்காரர். அப்புறம் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது?

கடைசியில் ஜயித்தது பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பு! கரியைச் செஞ்சிக் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டோம். பற்றவைக்க அரை மணி நேரம் விசிறினோம் என்பதை மறைப்பானேன்? புகையாத தணலிலும் விஷவாயு உண்டாதலால், மழை தூறியபோதும் அதைக் கூடாரத்துக்குள் அனுமதிக்கவில்லை. நாம் குடை பிடிக்க, மனைவி ரஸம் வைத்தாள். மறுநாள் விடியற்காலை சாம்பலைக் கிளறினால், இரண்டு கங்குகள் உயிரோடிருந்தன. அவற்றின்மேல் புதுக்கரி போட்டு, காப்பியை முடித்துக்கொண்டு ராஜகிரி ஏறக் கிளம்பினோம்.