கழுவாத இரண்டு தோட்டாக்கள்

மாமா இறந்து ஆறு மாதங்கள் கழித்து, கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பாலிருக்கும் அவருடைய வீட்டைக் காலி செய்யப் போனோம். நானும் மாமாவின் மகனும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மச்சான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். முப்பதாவது வளைவுக்கு மேல் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். எனக்கும் பேச ஒன்றுமில்லை.

மாமாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ஏற்கெனவே முறைப்படி ஒப்படைத்தாயிற்று. மிளகுச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி மட்டும் மிச்சமிருந்தது. அதில் பன்னிரண்டு போர் பித்தளைத் தோட்டாக்கள், எல்லாம் காலி. எண்ணிப் பார்த்தோம், முப்பத்து நான்கு. அவற்றில் இரண்டு தனியே ஒரு வேட்டித் துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

இன்றைய தலைமுறை தோட்டா என்றால் பிளாஸ்டிக் உறையைத்தான் பார்த்திருக்கும். மாமாவின் காலத்தில் முழுப் பித்தளையில் செய்தவையும் புழங்கின. அவற்றைச் சுட்டபின் எறிவதில்லை. அடியிலிருக்கும் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, கரிமருந்து அளந்து போட்டு, அட்டை வைத்து அழுத்தி, ரவை நிரப்பி, மறுபடி அட்டை வைத்து அடைத்தால் தோட்டா தயார். ஓர் உறை பல முறை உழைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுட்ட அன்றே கழுவியாக வேண்டும். கரிமருந்து எரிந்தபின் மிஞ்சும் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். கொல்லிமலைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

மாமா எத்தனை மணிக்குத் திரும்பினாலும் முதலில் அடுப்பில் வெந்நீர் வைப்பார். தோட்டாக்களை அதில் போட்டு அலசி, புளிக்கரைசலில் சிறிது நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்ப்பார். புளியிலிருக்கும் அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். வீட்டில் குத்துவிளக்குத் துலக்கும் அதே முறைதான். ஆனால் அளவு தெரிய வேண்டும். இரவு முழுக்க ஊறப்போட்டால் பித்தளை தாமிரம் போலச் சிவந்துவிடும். அதிலிருக்கும் துத்தநாகம் முதலில் கரைந்து போய், தாமிரம் மட்டும் மேலே மிஞ்சுவதால் வரும் சிவப்பு அது. மாமாவுக்கு இந்த ரசாயனம் தெரியாது. 'சிவந்தா செத்துப்போச்சு' என்பார்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். தோட்டாப் பெட்டியை மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைக்கக் கூடாது. வைத்தால் பித்தளை வெடித்துவிடும் என்பார். சிறுவயதில் அதை ஒரு தீட்டுச் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். நெடுநாள் கழித்துத்தான் காரணத்தைப் படித்தேன். ஆங்கிலேய ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் இருப்பு வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் கண்டன. மழை நின்றதும் விரிசலும் நின்றது. அதனால் அதற்குப் பருவத்தை ஒட்டியே பெயர் வைத்தார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் புதிரை அவிழ்த்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, இழுத்து வடிவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைத் தேடிப்போய்ப் பிளக்கிறது. பதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் விரிசல் வருவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றிருக்கும் பொருளுக்குள் எப்போதோ விழுந்த அழுத்தம் அப்படியே காத்திருக்கிறது என்பது என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது. அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் தோட்டா உறைகளில் தடவக் கூடாது என்று விவரம் அறிந்தவர்கள் இன்றும் சொல்வது இதனால்தான்.

மச்சானுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு உண்டு. அவன் ஊரில் துப்பாக்கி சுடுவது விளையாட்டு, காலி உறைகளைச் சேகரித்து மறுபடி நிரப்புவது பொழுதுபோக்கு. அவன் வீட்டு கராஜில் ஓர் அதிர்வு இயந்திரத்தைப் பார்த்திருக்கிறேன். சிறு அண்டா அளவில் ஒரு வட்டக் கிண்ணம், ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் மோட்டார். மோட்டாரின் தண்டில் ஒரு பக்கமாகப் பாரம் கட்டியிருப்பதால், சுழலும்போது கிண்ணம் முழுவதும் நடுங்கும். உள்ளே உடைத்த மக்காச்சோளக் கட்டையையோ வால்நட் ஓட்டுத் துகளையோ கொட்டி, உறைகளைப் போட்டு, மூடிவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து மெல்லப் புரண்டபடி கிண்ணத்தைச் சுற்றி வரும். லட்சக்கணக்கான துகள்கள் ஒவ்வோர் உறையையும் உராய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கறுத்த பித்தளை பொன்னாகிவிடும். தேய்ப்பவரின் கை வலிக்காது, நகக்கண்ணில் கறுப்பு ஏறாது.

அப்பாவின் தோட்டாக்களை அப்படித் துலக்கி, ஒரு கண்ணாடிப் பேழையில் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. விமானத்தில் கொண்டுபோக வழியில்லை. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் வரையறையில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாவோடு சேர்த்தி. பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை விமான நிலையத்தில் நின்று விளக்க யாருக்குத் துணிவு வரும்? ஆகவே இங்கேயே செய்வதென்று முடிவு செய்தான். நகைப்பட்டறைகளுக்கு விற்கும் சிறிய அதிர்வு இயந்திரம் ஒன்றை வாங்கினான். துகளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. நாமக்கல்லின் கோழிகள் தின்னும் மக்காச்சோளத்துக்குக் கணக்கில்லை. மணி உதிர்த்த கட்டைகளை யாரும் சீந்துவதில்லை. தீவனம் அரைக்கும் இடத்தில் கொடுத்து உடைத்து, சல்லடையில் சலித்து, ரவை பருமனுக்குக் கொண்டுவந்தோம். அதைவிடப் பொடியானால் வெறும் தூசு, பருமனானால் கேப் பொருந்தும் இடத்துத் துளையில் சிக்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வெளியே, பலாமரத்தடியில் இயந்திரத்தை ஓட்டினோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டோம். கேப்பிலிருந்து மிஞ்சும் ஈயம் அந்தத் தூசில் இருக்கும், மூடியைத் திறக்கும்போது அதைச் சுவாசிக்கக் கூடாது, கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். மாமா அடுப்படியில் உட்கார்ந்து செய்த வேலை இது. அருகில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் நான்.

முப்பத்திரண்டு உறைகளைப் போட்டுவிட்டு, துணியில் சுற்றியிருந்த இரண்டையும் எடுத்தான் மச்சான். அவை கழுவப்படாதவை. உள்ளே கசடு இறுகிக் கல்லாகியிருந்தது. வெளியே பச்சைக் களிம்பு. 'அப்பா இதை மட்டும் எப்படி விட்டார்?' என்றான். எனக்குத் தெரியும். தெரிந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது.

1983, காலாண்டு விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயது. மச்சான் அப்போது கைக்குழந்தை. மரவள்ளிக்காட்டில் பன்றி இறங்குகிறது என்று மாமா காவலுக்குப் போனார். 1972-லேயே வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. அனுமதியின்றிப் பன்றியைச் சுடுவது குற்றம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. நள்ளிரவில் இரண்டு வெடிச்சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது. சிறிது நேரத்தில் மாமா வந்தார். வழக்கம்போல உறைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அடுப்பில் வெந்நீர் வைக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். விழித்துப் பார்த்த என்னிடம் 'தூங்கு' என்றார்.

விடிந்ததும் தெரிந்தது. செத்துக் கிடந்தது பன்றியல்ல, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் சினைப்பசு.

புகாரின் பேரில் விசாரிக்க வந்தவர்கள் காட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். தோட்டா உறை எதுவும் கிடைக்கவில்லை. கொல்லிமலையில் மலையாளி மக்களிடம் அந்நாளில் புழங்கியது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதற்கு உறை கிடையாது, சுட்ட இடத்தில் எதையும் உதிர்க்காது. உறை இல்லை, ஆகவே நாட்டுத் துப்பாக்கி என்று கணக்குப் போட்டார்கள். வீடுகளைச் சோதித்தார்கள். கீழ்வீட்டு அண்ணனின் கூரையில் உரிமமில்லாத துப்பாக்கி ஒன்று அகப்பட்டது. அவருடைய அப்பா விட்டுப்போனது. அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். திரும்பி வர ஏழு வாரங்கள் ஆயின. உரிமம் வைத்திருந்த மாமாவிடம் வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

மாமா கெட்டவரல்லர். பசுவின் சொந்தக்காரருக்கு ஏதோ ஒரு சாக்கில் கன்று வாங்கிக் கொடுத்தார். அண்ணனின் வழக்குச் செலவுக்கும் பணம் கொடுத்தார் என்று அத்தை பின்னாளில் சொன்னார். வாயைத் திறக்க மட்டும் அவரால் முடியவில்லை. நானும் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்கு அது பயம். இருபதிலும் முப்பதிலும் நாற்பதிலும் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பலாமரத்தடியில் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து இயந்திரத்தை நிறுத்தினான். 'அவர் இருக்கிறாரா?' என்று மட்டும் கேட்டான்.

இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். வாசலில் சாமை காயவைத்து, பக்கத்தில் கோலோடு உட்கார்ந்திருந்தார். துணியைப் பிரித்து இரண்டு உறைகளையும் அவர் முன் வைத்தேன். நான் ஒத்திகை பார்த்துச் சென்ற வாக்கியங்களில் இரண்டுதான் வெளியே வந்தன. அவர் ஓர் உறையை எடுத்து, வாயை மோந்து பார்த்தார்.

'வாசம் போயிருச்சு தம்பி.'

பிறகு சொன்னார், 'அன்னைக்கு ரெட்டை வெடி கேட்டுச்சு. எங்க துப்பாக்கி ஒருக்கா வெடிச்சா, மறுக்கா கெட்டிக்கிறதுக்குள்ள வெத்தலை போட்டு மென்னு துப்பிடலாம். மலைக்கே தெரியும், அது உங்க மாமனோடதுன்னு. கேக்க வந்தவங்கதான் யாரையும் கேக்கலை.'

'நீங்கள் ஏன் சொல்லவில்லை?' என்றான் மச்சான்.

'சொன்னேன். அடிச்சாங்க.'

அந்தச் சொல்லுக்குப் பிறகு நாங்கள் மூவரும் சாமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோழி ஒன்று வந்தது, அவர் கோலைத் தூக்கி விரட்டினார். மன்னிப்பு என்ற சொல்லை நான் உச்சரித்தபோது அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. எழப்போகும் நேரத்தில் அவராகவே கேட்டார், 'எங்கப்பன் துப்பாக்கி என்னாச்சுன்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமா? கட்டையில சின்னதா ஒரு மயில் செதுக்கியிருக்கும். சுடறதுக்கு இல்லை. பார்க்கணும், அவ்வளவுதான்.'

செம்மேட்டில் இருக்கும் வல்வில் ஓரியின் சிலையைக் கடந்துதான் திரும்பினோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகச் சங்கப்பாடல் புகழும் தலைவன். ஆண்டுதோறும் ஆடியில் அரசே விழா எடுக்கிறது. இந்த மலையில் குறி தப்பியவர்களைப் பற்றிப் பாடல் ஏதும் இல்லை.

மச்சான் தன் கண்ணாடிப் பேழை யோசனையைக் கைவிட்டுவிட்டான். முப்பத்திரண்டு உறைகளும் பாதி துலக்கிய நிலையில், ஒரு பக்கம் பொன்னும் ஒரு பக்கம் கறுப்புமாக அதே தகரப்பெட்டியில் இருக்கின்றன. மற்ற இரண்டும் என் மேசையில் இருக்கின்றன. அவற்றைக் கழுவவில்லை. துப்பாக்கியைப் பற்றிக் கேட்டு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு முன் கைப்பற்றிய பொருள், அநேகமாக உருக்கியிருப்பார்கள் என்று வழக்கறிஞர் நண்பர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அதை யாராவது எழுத்தில் தந்தால்தான் அவரிடம் போய்ச் சொல்ல முடியும். மூன்றாவது மனுவை இந்த வாரம் அனுப்புகிறேன்.