கடற்கொள்ளையர்களோடு ஒரு சாயங்காலம்

"காலைல பெருமாள், சாயங்காலம் பைரேட்ஸ். மத்த ப்ரோக்ராமெல்லாம் அப்புறம்தான் மாப்ளே!" என்று ஏர்போர்ட்டிலேயே சொல்லிவிட்டார் அத்தான்.

2025 ஆகஸ்ட் மாதம். பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க் நகரம். ஒரு காலத்தில் உருக்காலைப் புகையில் பகலிலேயே விளக்கேற்றி வைத்த ஊர். இன்று புகையும் இல்லை, ஆலைகளும் பெரும்பாலும் இல்லை. ஆஸ்பத்திரிகளும் யுனிவர்சிட்டிகளும் சோறு போடுகின்றன. அக்காவும் அத்தானும் அங்கே குடியேறி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

அத்தானுக்கு இரண்டு பக்தி. ஒன்று, பென் ஹில்ஸ் குன்றின்மேல் 1970களில் எழும்பிய வெங்கடேஸ்வரர் கோயில். இன்னொன்று, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் டீம்.

"குன்று மேல இருக்கறவர் கேட்டதைக் குடுத்துடுவார். ஆத்தங்கரைல இருக்கற இவனுங்க உண்டியலை மட்டும்தான் நீட்டறானுங்க" என்றார்.

அடியேன் பி.காம். கிரிக்கெட்டைத் தவிர மட்டையும் பந்தும் சேர்ந்த எதையும் விளையாட்டாக மதிக்காத மேற்கு மாம்பலத்து ஆசாமி. ஆனால், அன்று அந்தப் பாலத்தைப் பார்த்ததும் கொஞ்சம் ஆடிப் போய்விட்டேன்.

அலிகெனி ஆற்றின் குறுக்கே மஞ்சள் பெயின்ட் அடித்த மூன்று பாலங்கள், அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடையில். அதில் ஒன்றின் பெயர் ராபர்ட்டோ கிளெமென்டி பாலம். மேட்ச் நாளில் அதில் கார் போகக் கூடாது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் மாதிரி ஜனங்கள் நடுரோட்டில் நடந்து போகிறார்கள். பாலம் முடியும் இடத்தில் பி.என்.சி. பார்க் ஸ்டேடியம். 2001இல் திறந்தது. முப்பத்தெட்டாயிரம் பேர் சொச்சம் உட்காரலாம். உட்கார்ந்தால் எதிரே ஆறு, பாலம், வானளாவிய கட்டடங்கள். அமெரிக்காவிலேயே அழகான ஸ்டேடியம் இதுதான் என்று சொல்பவர்கள் நிறைய.

"அழகுக்குக் குறைச்சலே இல்ல. ஜெயிக்கறதுதான் குறைச்சல்" என்று பெருமூச்சு விட்டார் அத்தான்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட்டானால் பக்கம் மாறும். பந்து தரையில் குத்தாமல் வரும், எல்லாமே ஃபுல்டாஸ். அடித்துவிட்டு நான்கு பேஸ்களையும் சுற்றி வந்தால் ஒரு ரன். ஒரு சீஸனுக்கு ஒரு டீம் ஆடுவது 162 மேட்ச்! அதாவது சீஸன் முழுக்க ஏறக்குறைய தினமும் சந்தோஷப்படலாம். அல்லது பைரேட்ஸ் ரசிகராக இருக்கலாம்.

பெயர்க் காரணம் சுவாரஸ்யமானது. 1890களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஓர் ஆட்டக்காரரைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். "இது கடற்கொள்ளை!" என்று அந்தப் பக்கம் கத்த, "ஆமாம்டா" என்று அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். இப்போது கதை தலைகீழ். கொள்ளை போவது இவர்கள்தான்.

"லிஸ்ட் சொல்றேன், எழுதிக்க" என்று ஆரம்பித்தார் அத்தான். "1993லேர்ந்து 2012 வரைக்கும் இருபது வருஷம். வரிசையா ஒவ்வொரு சீஸன்லயும் ஜெயிச்சதைவிடத் தோத்தது ஜாஸ்தி. 2013ல ஆண்ட்ரூ மெக்கட்சன்னு ஒரு புண்ணியவான் எங்களைக் கரையேத்தினான். அந்த வருஷம் லீக்லயே சிறந்த ஆட்டக்காரன். 2013, 14, 15 மூணு வருஷமும் ப்ளே-ஆஃப். நான் இதே சீட்ல நின்னுக்கிட்டு அழுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? 2018 ஜனவரில கெரிட் கோல்னு ஒரு பிட்சரை ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டாங்க. ரெண்டே நாள்ல மெக்கட்சனை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. வீட்ல கல்யாண வயசுல பொண்ணு இருந்தா நகையை விக்கலாம். இங்க பொண்ணையே வித்துட்டாங்க."

மெக்கட்சன் 2023இல் திரும்பி வந்தார். நான் பார்த்த அன்று அவருக்கு 38 வயது. பெயரை அறிவித்ததும் மொத்த ஸ்டேடியமும் எழுந்து கை தட்டியது. ரிட்டயராகப் போகும் தலைமையாசிரியருக்குப் பழைய மாணவர்கள் தட்டுகிற தட்டு.

டீமைப் பற்றி அத்தான் நடத்திய பாடத்தின் சுருக்கம் இது.

பந்து வீச்சு: ஜோர். பால் ஸ்கீன்ஸ் என்ற ஆறடி ஆறங்குலப் பையன். விமானப்படை அகாடமியில் படித்தவன். 2023 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்தார்கள். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் அவனுக்கு சாதாரணம். துணைக்கு மிட்ச் கெல்லர். அந்த ஆகஸ்டில்தான் அறிமுகமான பப்பா சாண்ட்லர் என்ற இளசு.

பேட்டிங்: ஐயோ பாவம். ஓனீல் க்ரூஸ் ஆறடி ஏழங்குலம். 2025 மே மாதம் அவர் அடித்த ஒரு ஹோம் ரன் 122.9 மைல் வேகம். 2015இல் கருவி வைத்து அளக்க ஆரம்பித்த பிறகு அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக அடித்ததில்லை. ஆனால், அடுத்த பத்து தடவை காற்றைத்தான் அடிப்பார்! பிரயன் ரெனால்ட்ஸுக்கு 2023இல் பத்து கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். இந்த டீம் சரித்திரத்திலேயே அவ்வளவு பெரிய தொகை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் அவரும் மக்கர். அந்த சீஸனில் 30 டீம்களில் மிகக் குறைவான ஹோம் ரன் அடித்தது பைரேட்ஸ்தான். மொத்தம் 117.

"ஸ்கீன்ஸ் இன்னிக்கு ஆடறானா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் வருவான். இன்னிக்கு இல்ல."

நம்ம ராசி அப்படி!

மூன்றாவது இன்னிங்ஸில் ஓர் உபகதை. இந்த டீமுக்கும் நம் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. 2008இல் ஒரு டி.வி. போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்களை ஒப்பந்தம் செய்தது பைரேட்ஸ்தான். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள். மேஜர் லீக் வரை போகவில்லை. ஆனால் அந்தக் கதை 2014இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற படமானது. மியூசிக் நம்ம ஏ.ஆர். ரஹ்மான்!

ஐந்தாவது இன்னிங்ஸில் 'டீமை வித்துத் தொலை' என்று மேலடுக்கில் யாரோ கோஷம் போட்டார்கள். உரிமையாளர் பாப் நட்டிங்குக்கான அர்ச்சனை. 2025 ஏப்ரலிலிருந்தே இந்தக் கோஷம்தானாம். காரணம் தோல்வி மட்டுமல்ல. ஸ்டேடியம் கட்டும்போது ரசிகர்கள் காசு கொடுத்து, அப்பா பெயர், தாத்தா பெயரெல்லாம் பொறித்த செங்கற்களைப் பதித்திருந்தார்கள். பெயர்த்தெடுத்த அந்தக் கற்கள் பழைய சாமான் குவியலில் கிடக்கிற போட்டோ வெளியே வந்துவிட்டது. அதே சமயம், வலது பக்கச் சுவரில் இருந்த கிளெமென்டியின் 21ஆம் நம்பர் இடத்தில் ஒரு விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். கிளெமென்டி யார்? 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து உயிர் விட்டவர். அந்தச் சுவரின் உயரமே அவருக்காக 21 அடி. ஊரே கொதித்தது. நம்பர் திரும்பி வந்தது.

"மாப்ளே, நீ காமர்ஸ் படிச்சவன். ஒரு கணக்கு சொல்லு" என்றார் அத்தான் திடீரென்று. குரல் மாறியிருந்தது. "இருபது வருஷமா சீஸன் டிக்கெட் எடுக்கறேன். அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்கணுமா வேண்டாமா? உங்க அக்கா வேண்டாங்கறா. பையன் லாஸ் ஏஞ்சலஸ் தொப்பியை மாட்டிக்கிட்டுத் திரியறான்."

நான் பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். பேஸ்பாலில் சம்பள உச்சவரம்பு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீம் ஓட்டானி ஒருவருக்கே பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தது. பைரேட்ஸின் மொத்த டீமுக்கும் 2025 சம்பளம் பத்து கோடிக்குள்தான். பணக்கார டீம்களின் வருமானத்தில் ஏழை டீம்களுக்குப் பங்கு வேறு வருகிறது. ஸ்கீன்ஸுக்குச் சம்பளம் பத்து லட்சம் டாலர்கூட இல்லை. 2029 வரை அவன் டீமின் சொத்து. அதன்பின் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போவான்.

"அத்தான், தோத்தாலும் நீங்க டிக்கெட் வாங்கறீங்க. அப்ப அந்த மனுஷன் எதுக்கு செலவு பண்ணணும்? வாடிக்கையாளர் போகாத வரைக்கும் எந்த முதலாளியும் கடையை மாத்த மாட்டான். நிறுத்திடுங்க. ஸ்கீன்ஸ் இருக்கற நாலு வருஷத்துக்குள்ள பேட்டிங்குக்கு ஆள் வாங்கினாத்தான் உண்டு. வாங்கினா அப்புறம் பார்க்கலாம்."

அத்தான் நாப்கினை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கணக்கு கரெக்ட். ஆனா முதலாளி வேற, டீம் வேற மாப்ளே. நான் இங்க வந்த புதுசுல ஆபீஸ்ல ஒருத்தனும் பேச மாட்டான். ஒரு நாள் இந்த மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போனேன். லிஃப்ட்ல ஒரு கிழவர், 'நேத்து தோத்துட்டோமே'ன்னார். 'தோத்துட்டாங்க' இல்ல, 'தோத்துட்டோம்'. என்னையும் சேர்த்து!"

நான் வாயை மூடிக்கொண்டேன். பி.காம். சிலபஸில் அது இல்லை.

மேட்சா? தோற்றார்கள். அந்த சீஸனின் 91 தோல்விகளில் ஒன்றை நேரில் கண்ட பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஜெயித்தது 71. நவம்பரில் ஸ்கீன்ஸுக்கு லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக இரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லை. அவன் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10! அந்த டீமை விளக்க இதைவிட நல்ல வரி கிடையாது.

என் அபிப்பிராயம்: பந்து வீச்சை வைத்து மட்டும் மேலே வர முடியாது. மாற்றம் வெளியிலிருந்தும் வர வேண்டும், உள்ளேயிருந்தும். உள்ளே, 2024 டிராஃப்டில் எடுத்த கான்னர் கிரிஃபின் என்ற பையன் 2025இல் கீழ் லீக்குகளில் 21 ஹோம் ரன் அடித்து, 65 பேஸ் திருடினான். நிஜமான கொள்ளைக்காரன்!

2026 ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு போன்.

"மாப்ளே! செலவு பண்ணிட்டாங்கடா! டிசம்பர்ல பிராண்டன் லோவைக் கொண்டுவந்தாங்களா, போன வருஷம் 31 ஹோம் ரன் அடிச்சவன். இப்ப ரயன் ஓஹெர்னுக்கு ரெண்டு வருஷத்துக்கு 2 கோடியே 90 லட்சம் டாலர்!"

"சந்தோஷம் அத்தான். சீஸன் டிக்கெட்?"

"எடுக்கல. உன் நாப்கின் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு."

"பரவாயில்லையே!"

"ஆனா... ஸ்கீன்ஸ் ஆடற நாளுக்கெல்லாம் மட்டும் தனித்தனியா வாங்கறதா இருக்கேன். கூட்டிப் பார்த்தா சீஸன் டிக்கெட்டைவிடக் கம்மிதானே வரும்? உங்க அக்காகிட்ட நீ கொஞ்சம் சொல்லேன், காமர்ஸ் படிச்சவன்..."