பிரிண்டர் முனையில் ஒரு பூட்டு

பழைய கணினிகளின் பின்புறத்தில் 25 துளைகள் கொண்ட நீண்ட செருகுவாய் ஒன்று இருந்ததை வாசகர்களில் சிலராவது நினைவில் வைத்திருப்பார்கள். அச்சுப்பொறிக்கென்று ஏற்பட்டது அது. 1970இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் அச்சுப்பொறிக்கு வகுத்த முறையை 1981இல் ஐ.பி.எம். தன் கணினிக்கு எடுத்துக்கொண்டது. யு.எஸ்.பி. வந்து அதை ஒதுக்கும்வரை பில்லும் சம்பளப் பட்டியலும் அதன் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரக் காலணித் தொழிற்சாலைகள் சிலவற்றில் அந்த வாயில் வேறொன்றும் செருகப்பட்டிருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. டாங்கிள் என்பது அதன் பெயர், புழக்கத்தில் 'லாக்'.

காலணியின் மேற்பகுதிக்கு, அதாவது அப்பருக்கு, தோலை எந்த வடிவில் வெட்டவேண்டும் என்று வரைவது பேட்டர்ன் மாஸ்டரின் வேலை. ஓர் அளவுக்கு வரைந்தால் போதாது. எல்லா அளவுகளுக்கும் விரிக்கவேண்டும். ஐரோப்பிய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீள வேறுபாடு 6.67 மில்லிமீட்டர், ஆங்கில முறையில் 8.46. கையால் செய்தால் நாள்கணக்கில் இழுக்கும் இந்த வேலையை மென்பொருள் நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் அந்த மென்பொருள் திறக்குமுன் முனையில் லாக் இருக்கிறதா என்று கேட்கும். பதில் வராவிட்டால் திறக்காது. திருட்டு நகல்கள் மலிந்த காலத்தில், தயாரித்தவர்களுக்கு அது நியாயமான தற்காப்பு என்பதையும் சொல்லவேண்டும்.

நாங்கள் மூவர், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆம்பூரில் கணினிப் பழுது பார்த்துப் பிழைத்தவர்கள். மாலையில் சிற்றிதழ்களை முன்வைத்துச் சண்டையிடுவோம். பகலில் கணினிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆம்பூர் அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று.

ஒரு தொழிற்சாலையில் காலையில் மென்பொருள் திறக்கவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மறுநாள் மாதிரிகள் போகவேண்டும். மாதிரி தவறினால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் தையல் வரிசையில் இருக்கும் பெண்களுக்கு அந்த மாதம் வேலை குறையும். விற்றவர்களிடம் கேட்டதில், புது லாக் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு வாரமாகும் என்றார்களாம்.

"லாக் போயிடுச்சு தம்பி" என்றார் மாஸ்டர்.

"பாய், ராத்திரி பிரிண்டரை யாராச்சும் அணைச்சாங்களா?"

"வாட்ச்மேன் அணைச்சிருப்பாரு. கரண்டு மிச்சமாவட்டும்னு முதலாளி சொன்னாரே."

பிரிண்டரைப் போட்டோம். மென்பொருள் திறந்தது.

இதில் மாயம் எதுவுமில்லை. அந்த முனையில் மின்சாரம் வழங்குவதற்கென்று தனி ஊசி கிடையாது. செய்தி செல்லும் கம்பிகளில் நிற்கும் சில வோல்ட் அழுத்தத்திலிருந்தே லாக் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அதன் மறுமுனையில் பிரிண்டரின் கேபிள். பிரிண்டர் அணைந்திருந்தால் அதன் உட்சுற்று அந்த அழுத்தத்தைக் கீழே இழுத்துவிடக்கூடும். தெருக்குழாயில் கடைசி வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் நடுவீட்டுக்குத் தண்ணீர் வராதல்லவா, அதுபோலத்தான்.

எல்லா நாளும் இவ்வளவு எளிதாக முடியவில்லை. பயாஸில் முனை ஈ.சி.பி. என்ற முறையில் வைக்கப்பட்டிருந்தால் சில லாக்குகள் பேசமாட்டா; பழைய முறைக்கு மாற்றவேண்டும். விண்டோஸ் 98இலிருந்து எக்ஸ்.பி.க்கு மாறிய இடங்களில், மென்பொருள் முனையை நேரடியாகத் தொட இயங்குதளம் விடாது. லாக்குக்குரிய டிரைவரைத் தனியாக நிறுவவேண்டும். மை தீர்ந்ததா என்று ஓயாமல் விசாரிக்கும் பிரிண்டர் மென்பொருளும் குறுக்கே பேசிக் கெடுக்கும். எனவே எங்கள் முறை இது: கேபிளைக் கழற்றி லாக்கை மட்டும் விட்டுப் பார்ப்பது, பிறகு வேறொரு கணினியில் பார்ப்பது, அங்கும் பேசாவிட்டால்தான் லாக்கைக் குறை சொல்வது. இறந்துவிட்டதாக எங்களிடம் வந்த லாக்குகளில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன.

எங்களால் தீர்க்க முடியாத பழுது பிற்பாடு வந்தது. புதிய கணினிகளில் அந்த முனையே இல்லை. யு.எஸ்.பி.யிலிருந்து பிரிண்டருக்குப் போகும் மாற்றுக் கேபிள் அச்சடிக்க மட்டுமே உதவும். பழைய மென்பொருள் தேடும் 378 என்ற முகவரியை அது தராது. பழைய கணினியின் தாய்ப்பலகை எரிந்துபோன ஓர் இடத்தில், பல ஆண்டு வடிவங்கள் வன்தட்டில் பத்திரமாக இருந்தும் ஒன்றையும் திறக்க வழியில்லை. மென்பொருளின் அந்தப் பதிப்பு அதற்குள் கைவிடப்பட்டிருந்தது.

மாஸ்டர் பின்னறைக்குப் போனார். ஆணிகளில் கம்பி கோத்து அட்டை வடிவங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பால்பேனாவில் மாடல் எண், அளவு, தையலுக்கு விடவேண்டிய இடம். தூசி தட்டி மேசைமேல் பரப்பி, புது மென்பொருளுக்காக ஒவ்வொன்றாய் மறுபடி வரையத் தொடங்கினார். வன்தட்டில் இருந்தவையும் அவர் கையால் பிறந்தவைதாம். அவற்றைத் திறக்கும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை. அட்டைகள் யாரையும் அனுமதி கேட்கவில்லை.