பஸ் நிற்கும் இடம்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு, ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே பெரும்பாலான கிராமங்களுக்கு ஒரு பஸ் வேண்டும். சின்ன வெங்காய மூட்டை மார்க்கெட்டுக்குப் போவதும், பிள்ளை கல்லூரிக்குப் போவதும், பிரசவ வலி வந்தவள் ஜி.எச். போவதும் எங்கள் பக்கம் பஸ்ஸை நம்பித்தான். அதனால் யார் எங்கே ஏறலாம், எங்கே உட்காரலாம் என்ற கேள்வியை வெறும் சட்டப் புத்தகத்துச் சமாசாரமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

*

அமெரிக்காவின் மான்ட்கோமரி பஸ் என்றதும் ரோசா பார்க்ஸ் ஞாபகம் வரும். அலபாமாவின் பஸ் சட்டத்தை உடைத்த வழக்கில் அவர் பெயர் இல்லை. அவர் மீதான கிரிமினல் வழக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் ஃப்ரெட் கிரே வேறு பெண்களை வாதிகளாக நிறுத்தினார்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். கைதானபோது கால்வினுக்கு 15 வயது. வெள்ளையருக்கு இடம் விட்டு பார்க்ஸ் எழ மறுத்தது 1955 டிசம்பர் 1. அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, இந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் எழ மறுத்துக் கைதானாள்.

அந்த வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் இருவர், பஸ்ஸில் இனம் பார்த்துப் பிரிப்பது அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தத்துக்கு விரோதம் என்றார்கள். 1956 நவம்பர் 13-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பர் 21-இல் மக்கள் மறுபடி பஸ் ஏறினார்கள். அதுவரை 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்தவர்கள், பலர் நடந்தே வேலைக்குப் போனவர்கள். அவர்களில் பலர் வீட்டு வேலை செய்த பெண்கள். தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் கால்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

*

ஜூன் 7. 1892-இல் அந்தத் தேதியில் ஹோமர் பிளெஸ்ஸி நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து கைதானார், இனம் பார்த்துப் பெட்டி பிரித்த லூசியானாவின் ரயில் சட்டத்தைக் கோர்ட்டுக்கு இழுப்பதற்காகவே. 1896-இல் தோற்றார். 1893-இல் அதே தேதியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியை முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். சரியாக ஒரு வருஷம்.

*

அந்த 1956 நவம்பரை அரியலூர்க்காரர்கள் வேறொன்றுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் தீர்ப்பு வந்த பத்தாம் நாள், நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்றில் வெள்ளம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தோடு ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். ஒரு பயணிக்கு அரசு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை இரண்டு சம்பவமும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 

*

நம்மூர் நிலைமைக்கு வருகிறேன். அலபாமாவில் சட்டமே "நீ பின்னால் போ" என்றது. எழுதி வைத்த சட்டம் இருந்ததால் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் ரத்து செய்ய முடிந்தது. இங்கே பஸ்ஸில் யாரை ஏற்றக் கூடாது என்று எந்தச் சட்டசபையும் சட்டம் போடவில்லை. பொது ரோட்டில் யாரும் நடக்கலாம் என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானமே கொண்டுவந்தார். ரோடு திறந்தது. அதே ரோட்டில் ஓடிய தனியார் பஸ், பஞ்சமருக்கு இடமில்லை என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தது.

அந்த டிக்கெட்டை எந்தக் கோர்ட்டில் ரத்து செய்வது? ஊ.பு.அ. சவுந்தரபாண்டியன் கோர்ட்டுக்குப் போகவில்லை. பட்டிவீரன்பட்டிக்காரர், சுயமரியாதை இயக்கத்தின் தூண்களில் ஒருவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றாத பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அரசியலமைப்புச் சட்டம் வருவதற்குச் சுமார் இருபது வருஷம் முன்னால் இது. முதலாளியின் மனசு மாறும்வரை அவர் காத்திருக்கவில்லை. முதலாளி எதற்குப் பயப்படுவான் என்று பார்த்தார். சென்னை பாண்டி பஜாருக்கு அவர் பெயர்தான் என்பார்கள். அங்கே துணி எடுக்கப் போகும் எத்தனை பேருக்கு இந்த உத்தரவு தெரியும் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது.

*

1929, மகாராஷ்டிரத்துச் சாலிஸ்கான். அம்பேத்கரை ஊருக்குள் அழைத்துப்போகக் குதிரை வண்டி பேசுகிறார்கள். எந்த வண்டிக்காரனும் அவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறேன், ஓட்டமாட்டேன் என்கிறான் ஒருவன். ஓட்டிப் பழகாத சொந்த சனத்தில் ஒருவர் கடிவாளம் பிடிக்கிறார். வண்டி நிலைதடுமாறி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டில் படித்த பாரிஸ்டர் அவர். வண்டிக்காரன் காசு வாங்கிக்கொண்டான், வண்டியையும் கொடுத்தான், பக்கத்தில் உட்கார மட்டும் மாட்டான்.

*

அரசியலமைப்பின் 15(2)-ஐ இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். கடை, ஓட்டல், கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் வரிசையாக வருகின்றன. பஸ் என்ற சொல் இல்லை. ரயில் என்ற சொல்லும் இல்லை. 17-ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்தது, அதில் பஸ்ஸும் அடக்கம்தான். ஆனாலும் பெயர் சொல்லி எழுதியது 1955-இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம்: பொது வாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பது குற்றம். அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில், தீண்டாமை பார்த்துப் பொருள் விற்கவோ சேவை செய்யவோ மறுத்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் அந்தத் தொழிலை லைசென்ஸ் வைத்துச் செய்கிறவனாக இருந்தால், கோர்ட்டே அந்த லைசென்ஸை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. சவுந்தரபாண்டியனின் ஜில்லா போர்டு உத்தரவில் இருந்த அதே பிடி. பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவர் என்றால், தீண்டாமையால்தான் செய்தான் என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது செய்தவன் பொறுப்பு. எத்தனை யோசித்து எழுதியிருக்கிறார்கள்!

*

1997. கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. அவர் பிறந்த சாதியின் காரணமாக, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஒரு கூட்டத்தார். கலவரம் மூண்டது. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. திருச்சிப் பக்கத்துப் பஸ்களில் இருந்த தீரன் சின்னமலை போனார். பெரம்பலூர் மாவட்டத்தின் பெயரிலிருந்து திருவள்ளுவர் போனார்.

அமைதிக்காக எடுத்த முடிவு என்பது புரிகிறது. ஆனால் ஏறமாட்டேன் என்றவனுக்கு அதில் ஒரு வெற்றி கிடைத்துவிட்டது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. சீட்டில் பக்கத்தில் ஒருவர் உட்காரக்கூட இல்லை, பஸ்ஸின் நெற்றியில் ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

*

இன்று டவுன் பஸ்ஸில் யாரும் யாரையும் எழச் சொல்வதில்லை. அது சின்ன விஷயமில்லை. 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் காசும் இல்லை. களை எடுக்கப் போகிறவர்களும் டீச்சரம்மாவும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வருவதைப் பார்க்கிறேன்.

இப்போது நான் பார்ப்பது ஸ்டாப்பிங்கை. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நிழற்குடை ஊர்த்தெரு முனையில் இருக்கிறது. தாழ்த்தப்பட்டவர்கள் இருக்கும் காலனி அதற்கு முக்கால் கிலோமீட்டர் தள்ளி, அதே தார் ரோட்டில். பஸ் காலனியைத் தாண்டித்தான் ஊருக்கு வருகிறது. அங்கே நிற்பதில்லை. கேட்டால் "ஸ்டாப் லிஸ்ட்ல இல்லை" என்பார்கள். உண்மைதான், இல்லை. யாரும் யாரையும் தடுக்கவில்லை, யார் மேலும் வழக்குப் போட முடியாது. காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாக நடந்து வந்து, அங்கே நிற்கிறவர்களுக்குப் பின்னால் நின்று ஏறுகிறார்கள்.

*

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். அந்தக் காலனியிலிருந்து வந்த ஆயா ஒருவர் மனு எழுதித் தரச் சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். 17-ஆம் பிரிவு, 1955 சட்டம் என்று இரண்டு வரி சேர்த்துப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் எடுத்துடு தம்பி. அப்புறம் ஊர்ல யாரு எழுதிக் குடுத்தான்னு கேப்பாங்க. புளியமரத்துக்கிட்ட பஸ்ஸு நிக்கணும், காலைல எட்டு மணி வண்டி, அத மட்டும் எழுது."

வேறு தாள் எடுத்து, அதை மட்டும் எழுதினேன். கைநாட்டு வைத்தார். எட்டு மணி வண்டி என்பதை அடிக்கோடு போடச் சொன்னார். போட்டேன்.