டெரிலின் சட்டையும் பாய்மரக் கயிறும்

தாத்தா காலத்தில் டெரிலின் சட்டை என்றால் தனி மவுசு. கசங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி செலவு மிச்சம். அந்த டெரிலின்தான் பாலியஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்ஸன் என்ற இருவர் கண்டுபிடித்தது. சட்டையாகப் போட்டால் வியர்த்துக் கொட்டும். ஆனால் சின்னப் பாய்மரப் படகில் கயிறாகப் போனால் இது ராஜா!

அதற்கு முன்னால் மணிலா கயிறுதான். நனைந்தால் சுருங்கி முடிச்சு இறுகிவிடும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அழுகும். பாலியஸ்டருக்கு இந்த வியாதிகள் இல்லை. வெயிலையும் நன்றாகவே தாங்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கயிறு வாங்கப் போகிற ஆள் முதலில் கேட்பது, "எவ்வளவு வெயிட் தாங்கும்?" தப்பான கேள்வி. 10 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு அறுபடவே ஏறக்குறைய 2 டன் இழுப்பு வேண்டும். 25 அடிப் படகில் அவ்வளவு இழுப்பு எங்கே வரப்போகிறது? கேட்க வேண்டியது, "எவ்வளவு நீளும்?"

பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஹால்யார்ட் என்று பேர். மரத்தின் உச்சிவரை 10 மீட்டர் கயிறு விறைப்பாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதம் நீண்டால் போதும், பாய் 20 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். பாயின் முன்விளிம்பு தொய்ந்து, அதன் வயிறு பின்னால் தள்ளிப்போகும். படகு முன்னால் போவதற்குப் பதில் பக்கவாட்டில் சாயும். அதுவும் காற்று பலமாக அடிக்கிற அந்த நேரம் பார்த்து! நைலான் கயிறு இதைவிடப் பல மடங்கு நீளும். கடையில் பார்த்தால் இரண்டும் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரிதான் இருக்கும். அங்கேதான் ஏமாறுவார்கள்.

அதற்காக நைலானைத் திட்ட வேண்டாம். நங்கூரத்துக்கு அதுதான் சரி. அலை தூக்கிப் போடும்போது ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அங்கே பாலியஸ்டர் கட்டினால் ஒவ்வொரு வெட்டும் நேராக நங்கூரத்துக்கே போகும்.

அடுத்தது ஷீட். (பாய்க்குத்தான் அந்தப் பேர் என்று நினைத்தால் இல்லை, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு! யார் வைத்த பேரோ.) பலத்தை மட்டும் பார்த்தால் 6 மில்லிமீட்டரே போதும். ஆனால் ஈரக் கையால் அதை இழுத்துப் பார்த்தால் தெரியும், உள்ளங்கையை அறுத்துவிடும். கைக்காகத்தான் 10 மில்லிமீட்டர். இங்கே மிச்சம் பிடிக்கிற காசு தண்டக் காசு.

வாங்கியாச்சு. இனி அது எங்கே சாகும்? முழுசாகத் தேயாது. உச்சியில் உள்ள கப்பியில் உரசுகிற அந்த ஒரு சாண் இடம்தான் நூல் நூலாகப் பிரியும். அதனால் ஹால்யார்ட்டை 2 மீட்டர் கூடுதலாக வாங்குவது புத்திசாலித்தனம். பாய் கட்டும் முனையில் வருஷத்துக்குக் கொஞ்சம் வெட்டிவிட்டால் உரசும் இடம் மாறிவிடும். காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தேய்மானத்தை ஒரே இடத்தில் எழுதாமல் பரப்பி எழுதுவது. வெட்டிய முனையை நெருப்பில் காட்டி உருக்கினால் பிரியாது.

முடிச்சு போட்ட இடத்தில் கயிறு மூன்றில் ஒரு பங்கு பலத்தையாவது இழந்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். உப்புத்தண்ணீர் காய்ந்தால் உள்ளே படியும் உப்புத்தூள் இழைகளை அரிக்கும். சீசன் முடிந்ததும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கவே கூடாது. காற்று ஒரு சுண்டு சுண்டினால் விடுவிக்க நேரம் கிடைக்காது. அறுந்து போகாத கயிறு என்று பெருமைப்பட்டோமே, விரல் மாட்டினாலும் அது அறுந்து போகாது.

உழைத்துத் தேய்ந்த ஹால்யார்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். நல்ல பகுதியை வெட்டிக் கொடி கட்டலாம். நீளாது, தொய்யாது. தாத்தாவின் டெரிலின் சட்டையையே காயப்போடலாம் :-)