மாமாவுக்கு சாயங்காலம் கிளாஸ்!

குற்றாலம்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மெயின் அருவி, ஐந்தருவி, ரம்புட்டான் பழம்... அப்புறம் உடம்பு பூரா எண்ணெயோட கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற மசாஜ் பார்ட்டிகள்! ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ‘எண்ணெய் தேய்க்கிறதுல என்ன பெரிய வித்தை இருக்கு?’ன்னு நினைக்கிற ஆளா நீங்க? அப்படின்னா எங்க மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகணும்.

மாமாவுக்கு வயசு 38. பத்தாங்கிளாஸோட படிப்புக்குக் கும்பிடு போட்டவர். விடிகாலை 3 மணிக்கு லோடு ஆட்டோவை எடுத்துட்டு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவார். காய்கறி மூட்டைகளைத் தென்காசி கடைகள்ல இறக்கி முடிக்க 10 மணி ஆயிடும். சாப்பாடு, குட்டித் தூக்கம். 4 மணிக்குத் திண்ணையில உட்கார்ந்து எலும்பு பேரு, தசை பேரு மனப்பாடம். 6 மணிக்கு மசாஜ் கிளாஸ். ராத்திரி ஹோம்வொர்க், எங்க தாத்தாவோட முதுகு!

“ஊரான் காலப் புடிக்கதுக்கு ஒரு படிப்பால?”ன்னு ஆச்சிக்கு ஆரம்பத்துல செம கோபம். ஆனா பாஸ், இது பெரிய படிப்புதான். சித்த மருத்துவத்துல இதுக்குப் பேரு தொக்கணம். 32 வகைப் புற மருத்துவத்துல ஒண்ணு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல்னு அதுலயே ஒன்பது வகை இருக்கு. ஜப்பான்ல மூணு வருஷம் படிச்சு, தேசியத் தேர்வுல பாஸ் பண்ணினாத்தான் மசாஜ் பண்ண லைசென்ஸ். தாய்லாந்தோட ‘நுவாட் தாய்’ மசாஜ் 2019-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயே ஏறிடுச்சு.

முதல் வாரமே மாமாவுக்குக் கட்டைவிரல் வீங்கிப்போச்சு. “கைப்பலத்துல அழுத்தக் கூடாது மருமவனே. முழங்கைய மடக்காம ஒடம்பச் சாய்க்கணும்”னார். அட, நம்ம மெக்கானிக்ஸ் பேப்பர்! அதே எடையை உள்ளங்கையில இறக்கினா இதமா இருக்கும், கட்டைவிரல்ல இறக்கினா குத்தும். பரப்பு குறைஞ்சா அழுத்தம் கூடும். நான் ஃபார்முலாவா எழுதினதை அவர் விரல்ல படிச்சிருக்கார்.

போன சீசன்ல ஞாயித்துக்கிழமைகள்ல குற்றாலத்துல ஒரு மசாஜ் கடைக்குப் பழகப் போனார். தலைக்கு இவ்வளவுன்னு கூலி. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ராத்திரி முழுக்க பஸ்ல உட்கார்ந்து வந்த ஒருத்தர் காலை நீட்டினார். “கெண்டைக்கால் வலிக்குது, நல்லா அழுத்தி விடுங்க.” ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடா இருந்துச்சு. மாமா எண்ணெயைக் கீழே வச்சுட்டார்.

“அண்ணாச்சி, இத அழுத்தக் கூடாது. நேரா தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

ரொம்ப நேரம் அசையாம உட்கார்ந்திருந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையலாமாம். அழுத்தினா அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போய், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு அதுதானான்னு ஸ்கேன் பார்த்தாத்தான் தெரியும். சந்தேகம் வந்தா கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடைக்காரர் விடுவாரா? “வந்த கிராக்கிய வெரட்டவா ஒனக்குக் கூலி? அடுத்த வாரம் வராத”ன்னுட்டார்.

திரும்பி வரும்போது, “வருத்தமா இல்லையா மாமா?”ன்னு கேட்டேன்.

“இருக்கத்தான் செய்யுது. ஆனா மொத நாள் கிளாஸ்லயே யாரத் தொடக் கூடாதுன்னுதான எழுதிப் போட்டாவ. காய்ச்சல், புது வீக்கம், எலும்பு முறிவு, இந்த மாதிரி காலு... துட்டுக்காக அத எப்படி அழிக்க?”

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. எப்படித் தேய்க்கணும்னு கூட இருந்து பார்த்தே கத்துக்கலாம். எப்ப தேய்க்கக் கூடாதுங்கிறதுக்குத்தான் படிப்பு வேணும். அந்தப் படிப்புக்கு மாமா கொடுத்த ஃபீஸ்ல, அந்த சீசன் கூலியும் சேர்த்தி!

அடுத்த மாசம் அவருக்கு எழுத்துப் பரீட்சை. 20 வருஷத்துக்கு மேல பேனா பிடிக்காத கை. மூட்டை தூக்கும்போது நடுங்காதது, விடை எழுதும்போது நடுங்குது. தினமும் நான் கேள்வி கேட்கிறேன், அவர் எழுதிப் பார்க்கிறார். “எப்பல பரிச்சை?”ன்னு இப்ப ஆச்சியே விசாரிக்கிறா.

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த சீசனுக்கு இங்க வந்தா ஒண்ணு செய்யுங்க. மசாஜுக்கு உட்காரும்போது பி.பி., ஆபரேஷன், அடிபட்டது, வீக்கம் எதுவா இருந்தாலும் முதல்லயே சொல்லிடுங்க. அவரே கேள்வி மேல கேள்வி கேட்டாருன்னா சலிச்சுக்காம பதில் சொல்லுங்க. ‘இன்னிக்கு வேணாம்’னு ஒருத்தர் திருப்பி அனுப்பினாருன்னா, அவருக்கு ஒரு நன்றியும் சொல்லிடுங்க!